முனை சேராவிட்டால் போர்வை குளிரைத் தாங்காதா?

கேள்வி:

அன்புள்ள டீச்சருக்கு,

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். கட்டுநாயக்காவில் கார்மெண்டில் ஏழு வருடம் வேலை செய்தேன். அதில் கடைசி மூன்று வருடம் கியூ.சி., தைத்த உடுப்பின் தரத்தைச் சோதிக்கும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டேன். இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டு, துண்டுத் துணிகளை இணைத்துக் குஷன் கவரும் போர்வையும் தைக்கிறேன். எல்லாம் வீடியோ பார்த்துப் பழகியதுதான்.

அண்ணன் மகளுக்காக அம்மாவின் பழைய காட்டன் சேலைகளில் ஒரு போர்வை தைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கொழுந்து பறித்தவர். அவர் வேலைக்கு உடுத்திய சேலைகளும் அதில் இருக்கின்றன. பாதி முடிந்ததும், நுவரெலியாவில் குயில்ட் (மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்து விற்கும் ஒரு மேடத்திடம் காட்டினேன். “தையல் விளிம்பு கால் அங்குலம் இல்லை, சதுரங்களின் முனைகள் சேரவில்லை, புதுக் காட்டன் துணியும் இல்லை. இது குயில்ட் இல்லை, ஒட்டுப்போட்ட போர்வை” என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நாலாவது வரிசையை மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். இப்போது துணியில் ஓட்டை விழுந்துவிட்டது. ஐந்தாவது வரிசை நடுவில் உப்பிக்கொண்டு நிற்கிறது.

“உனக்குப் பிடித்த மாதிரி தை, யார் பார்க்கப் போகிறார்கள்” என்கிறார் என் கணவர். அப்படி விட்டுவிட்டால் நான் ஏனோதானோ என்று வேலை செய்கிறவளாக ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. விதிகளைப் பார்த்துத்தான் தைக்க வேண்டுமா?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தத் தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து அலமாரியில் வையுங்கள். புதுத் துணியில் ஊசி போன இடம் ஒரு தரம் அலசினால் மூடிக்கொள்ளும். வருடக்கணக்காக உடுத்தித் துவைத்த சேலையில் இழை ஏற்கனவே மெலிந்திருக்கும். அதில் ஒரே கோட்டில் மூன்று தரம் ஊசி குத்தினால் தபால் முத்திரையின் ஓரம் மாதிரிதான் கிழியும். நாலாவது வரிசையில் முனை சேராமல் இருந்திருந்தால் அந்தப் போர்வைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திருத்தப் போனதில்தான் ஓட்டை விழுந்தது.

மேடம் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அவர் புதுக் காட்டன் வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு நல்ல விலையில் விற்கிறவர். அந்த வியாபாரத்துக்கு அந்த விதிகள் தேவை. உங்கள் கையில் இருப்பது வேறு வேலை. உங்கள் கணவர் சொல்வதும் எனக்கு முழுதாகச் சம்மதம் இல்லை. யாரும் பார்க்காவிட்டாலும் வாஷிங் மெஷின் பார்க்கும், குழந்தையின் கால் பார்க்கும். ஒவ்வொரு விதியையும் எடுத்து, இது எதற்காக வந்தது என்று கேளுங்கள். அந்தக் காரணம் உங்கள் வீட்டில் இருந்தால் விதி இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

தையல் கோட்டுக்கு வெளியே விடும் கால் அங்குல விளிம்பையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். ஒரு வரிசையில் 16 சதுரங்கள் என்றால் 15 இணைப்புகள். நீங்கள் கால் அங்குலத்துக்கு மேல் ஒரு வீசம், அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூட விட்டுத் தைக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு துண்டிலும் ஒவ்வொரு வீசம் போவதால் ஓர் இணைப்புக்கு அரைக்கால் அங்குலம் குறையும். 15 இணைப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். எல்லா வரிசையிலும் இதே அளவு கூட விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. போர்வை இரண்டு அங்குலம் சின்னதாகும், அவ்வளவுதான். வரிசைகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். ஒரு வரிசையில் சின்னத் துண்டுகள் நிறையவும் அடுத்த வரிசையில் பெரிய துண்டுகள் கொஞ்சமும் இருந்தால்தான் வம்பு. இணைப்பு கூடிய வரிசை குறுகிப்போகும், இணைப்புக் குறைந்தது நீளமாக நிற்கும். இரண்டையும் பிடித்துத் தைத்தால் நீளமான வரிசை நடுவில் உப்பும். உங்கள் ஐந்தாவது வரிசையில் நடந்திருப்பது அநேகமாக இதுதான். அளந்து பாருங்கள்.

ஆக, வேண்டியது ஒரே அளவு. அது காலாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புதுக் காட்டனுக்குக் கால் அங்குலம் போதும், துணி வீணாகாது. பழைய சேலைக்கும், இழை உதிரும் கைத்தறிக்கும் நான் அரை அங்குலம் விடச் சொல்வேன். கால் அங்குலம் விட்டால் இரண்டு துவைப்பில் இழை உதிர்ந்து தையல் வரைக்கும் வந்துவிடும். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து அரை அங்குலம் தள்ளி ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, துணியின் ஓரத்தை அதை உரசியே ஓட விடுங்கள். பிறகு அளவுகோலே தேவைப்படாது.

தையல் விளிம்பைக் கறுப்புப் பக்கம் சாய்த்து அயன் பண்ண வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். வெளிர் துணிக்குக் கீழே கறுப்பு விளிம்பு நிழலாகத் தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். கையால் நூலோட்டம் போட்டு இணைத்த காலத்தில், விளிம்பை இரண்டு பக்கமும் விரித்து வைத்தால் இழுவை எல்லாம் நூலின் மேல் விழும், இடுக்கு வழியாகப் பஞ்சும் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு பக்கம் சாய்த்தார்கள். நீங்கள் மெஷினில் நெருக்கமாகத் தைக்கிறீர்கள். சேலைத் துண்டுகள் பல சேரும் இடத்தில் விளிம்பைத் தாராளமாக விரித்தே அயன் பண்ணலாம், அந்த இடம் தடிக்காமல் படுக்கும். சாய்ப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் விளிம்புகளை எதிரெதிர்ப் பக்கமாகச் சாய்த்தால் இணைப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், முனை தானாகச் சேரும். சேர்ந்தால் சந்தோஷம்.

“காட்டன் மட்டும்தான்” என்ற விதியைத் தளர்த்தலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தளர்த்த முடியாது. அம்மாவின் சேலைகளில் கலப்பு நூல் இருக்கலாம். கார்மெண்ட் துண்டுகளை வாங்கினால் அதில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓரத்தில் இரண்டு இழையை உருவி, சிமெந்துத் தரையில் வைத்து நெருப்புக் குச்சி காட்டுங்கள். காட்டன் என்றால் கடதாசி எரிகிற வாசனை வரும், சாம்பலைத் தொட்டால் உதிரும். பொலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் விரலில் கடினமான மணியாக உருளும். இரண்டையும் ஒரே போர்வையில் தைப்பதில் தவறில்லை. அயன் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு அழுத்த வேண்டும். காட்டன் சூட்டில் நேரே வைத்தால் பொலியஸ்டர் பளபளத்துவிடும், அல்லது இழுத்துக்கொள்ளும். டீ சேர்ட் துணி மாதிரி இழுபடுகிற துண்டுகள் மட்டும் வேண்டாம். வேண்டித்தான் ஆக வேண்டும் என்றால், அயன் போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாசைப் பின்னால் ஒட்டிவிட்டு வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டும் என்பது புதுத் துணிக்குச் சொன்னது. புதுக் காட்டன் சுருங்கும். அம்மாவின் சேலை சுருங்க வேண்டியதெல்லாம் பீலிக்கரையிலேயே சுருங்கி முடிந்திருக்கும்.

சேலை மெலிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் போர்வைக்கு இதுதான் முக்கியம். வெட்டுவதற்கு முன் சேலையை இஸ்தோப்பில் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். தோளில் பின் குத்திய இடமும் கீழ்க்கரையும் சல்லடையாகத் தெரியும். உள்ளே சொருகிய பகுதியில் வெயில் படாததால் நிறமும் இழையும் அப்படியே இருக்கும், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குக்குள் இருந்த பகுதியும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். முதலில் அங்கிருந்து வெட்டுங்கள். மெலிந்த பகுதியை வைத்துக்கொள்ள ஆசை என்றால் இரட்டையாக மடித்துத் தையுங்கள், அல்லது பின்னால் வெள்ளை வொயில் துணி கொடுங்கள். கொழுந்துக் கறை இருந்தால் இருக்கட்டும், அதைப் போக்குகிறேன் என்று பிளீச் ஊற்றினால் இருக்கிற இழையும் போய்விடும். துண்டுகளை இணைக்க 11ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 14க்கு மாறுங்கள். இதில் நான் தளரவே மாட்டேன். தடித்த ஊசியால் மெல்லிய சேலையைத் தைத்துவிட்டு, துணி சரியில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

அப்புறம் நடுவில் வைக்கும் பஞ்சு. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டன் பஞ்சுதான் உயர்ந்தது என்பார்கள். அங்கே உலர்த்தும் மெஷின் இருக்கிறது. நம் ஊரில் மே மாதம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரைக்கும் விடாது. லயத்துக் காம்பராவுக்குள் கயிறு கட்டி, அடுப்புப் புகையில் துணி காய வைத்தவர்களுக்குத் தெரியும், தடித்த காட்டன் ஒன்று நனைந்தால் நாலு நாள் ஆனாலும் மடிப்புக்குள் ஈரம் நிற்கும், அப்புறம் பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். குழந்தையின் போர்வை அடிக்கடி நனையும். அதற்கு மெல்லிய பொலியஸ்டர் பஞ்சு விரிப்பு வையுங்கள், தண்ணீரைப் பிடித்து வைக்காது. இல்லாவிட்டால் பழைய பிளனல் விரிப்பு ஒன்றே போதும். வீட்டில் இருக்கிறதே என்று இலவம்பஞ்சை மட்டும் உள்ளே திணிக்க வேண்டாம், ஒரு துவைப்பில் மூலைக்கு மூலை உருண்டைகட்டும்.

எவ்வளவு நெருக்கமாகத் தைக்க வேண்டும் என்பதையும் இந்த நடுத்துணிதான் தீர்மானிக்கும். அந்தக் காலத்துக் காட்டன் பஞ்சு நகர்ந்து கட்டிவிடும் என்பதால் ஓரிரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு தைத்தார்கள். பிளனல் நகராது. ஒரு சாண் இடைவெளி விட்டுத் தைத்தாலும் இருந்த இடத்தில் இருக்கும், போர்வையும் விறைக்காமல் உடம்போடு படியும்.

அங்குலத்துக்கு 10, 12 கைத்தையல் வர வேண்டும் என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 6 வந்தாலும் போதும், ஒன்று நெல் அளவும் அடுத்தது அவரை விதை அளவும் இல்லாமல் இருந்தால் சரி. ஓரப்பட்டியைத் துணியின் மூலைவாட்டில்தான் வெட்ட வேண்டும் என்பது வளைந்த ஓரத்துக்கு. உங்கள் போர்வை நேரான ஓரம், நேராகவே வெட்டுங்கள்.

ஒட்டுப்போட்ட போர்வை என்று மேடம் சொன்னது உங்களுக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துப் பக்கம் சித்திகள் என்று ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பழைய துணியில் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அடியில் ஒரு சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கைக்கு வந்த துண்டை ஓரத்தோடு மடித்து வைத்து, நூலோட்டத்தாலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அளவுகோல் கிடையாது, முன்கூட்டி வெட்டுவது கிடையாது, முனை சேர்ப்பது கிடையாது. ஆனால் நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கிப் பூ வைக்காமல் எந்தப் போர்வையையும் முடிந்தது என்று சொல்ல மாட்டார்கள். பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியும். எதில் விட்டுக்கொடுப்பது, எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அவர்களே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். வெளியாள் வந்து சொல்லவில்லை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் கியூ.சி.யில் இருந்தவர், இதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஃபாக்டரியில் அளவுத் தாளில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் கூடக்குறைய எவ்வளவு போகலாம் என்று போட்டிருக்கும் அல்லவா? இறுதிப் பரிசோதனையில் பெரும்பாலான பையர்கள் கேட்பது, எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.கியூ.எல். அளவில் 2.5 தானே? கொஞ்சம் குறையோடு பெட்டி கட்டுவதற்கு அங்கேயே அனுமதி இருக்கிறது. ஊசி முறிந்தால் மட்டும் எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை லைனை நிறுத்துவார்கள், அதில் தயவு கிடையாது. எந்தக் குறை ஆபத்து, எந்தக் குறை சும்மா கண்ணுக்குப் படுவது என்று பிரிக்கத் தெரிந்துதான் அங்கே மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் டொலரன்ஸைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டுவிட்டீர்கள்.

தைக்கத் தொடங்கும் முன்பே உங்களுக்கென்று ஓர் அளவுத் தாள் எழுதுங்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது எழுதக் கூடாது. அப்போது மனம் களைத்திருக்கும், ஒன்று எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லும், இல்லையென்றால் எல்லாவற்றையும் விடச் சொல்லும். என்னுடைய தாளை வேண்டுமானால் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு பெருவிரலாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். இடையில் வெளிச்சம் தெரிந்தால் பிரிப்பேன். சாயம் இறங்கக் கூடாது. தரையில் விரித்தால் படுக்க வேண்டும். முடிச்சு வெளியே தெரியக் கூடாது, குழந்தைக்கான போர்வை என்றால் விரல் மாட்டுகிற அளவுக்கு ஒரு நூலும் தளர்ந்து நிற்கக் கூடாது. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது. இது எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்த பிடிவாதம், உங்களுக்கு வேண்டியதில்லை. முனையைப் பொறுத்தவரை, போர்வையைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசல்படியில் நின்று பார்ப்பேன். அங்கிருந்து கண்ணில் குத்தினால் திருத்துவேன். மூக்கை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால் விட்டுவிடுவேன். வரிசைக்கு ஒரு தரத்துக்கு மேல் பிரிப்பதில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது அவசியம்.

விற்பனைக்கான குஷன் கவர்களுக்கு வேறு தாள் போடுங்கள். இரண்டு கவர் ஜோடியாக வாங்குகிறவர் இரண்டும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பித்தான் காசு கொடுக்கிறார். அங்கே அளவில் தளர்ச்சி வேண்டாம். அமெரிக்காவில் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு பகுதி. அங்கிருக்கும் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கின, 2006இல் தபால் முத்திரையிலும் வந்தன. கோடு கோணலாக ஓடும், கட்டம் கட்டமாக நிற்காது. அந்த வட்டாரத்துப் பெண்கள்தான் 1966இல் ஒரு கூட்டுறவு தொடங்கி, பெரிய கடைகளின் ஓர்டருக்கு ஒரே அளவில், ஒரே மாதிரியாகத் தைத்துக் கொடுத்தார்கள். 1972இல் சியர்ஸ் கம்பனிக்குக் கோர்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்தார்கள். அதில் மிஞ்சிய துண்டுகள் வீட்டுக்குப் போய், அளவு பார்க்காத போர்வைகளாயின. ஓர்டர் வேலையின் அளவை வீட்டுப் போர்வைமேல் அவர்கள் போடவில்லை. நுவரெலியா மேடத்துக்குக் கொடுக்க ஏதாவது தைத்தால் அவர் கேட்கிற கால் அங்குலத்திலேயே தைத்துக் கொடுங்கள், சண்டை தேவையில்லை.

இனி உங்கள் மேசையில் கிடக்கும் போர்வை. நாலாவது வரிசையின் ஓட்டைக்கு மேல், அதே சேலையின் உள்சொருகிலிருந்து ஒரு சதுரம் வெட்டி, ஓரம் மடித்து, கையாலேயே மேல்தையலாகத் தைத்துவிடுங்கள். பின்னால் வொயில் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் புது ஒட்டு பழைய துணியை இழுத்துக் கிழிக்கும். ஒட்டு ஒன்று தனியாகத் தெரிகிறதே என்று உறுத்தினால் இன்னும் இரண்டு இடத்தில் அதே மாதிரி வையுங்கள். ஐந்தாவது வரிசையைப் பிரிக்க வேண்டாம். இணைப்புகள் அதில் குறைவாக இருந்தால், உப்பல் இருக்கும் இடத்தில் ஒரு துண்டின் நடுவே உள்பக்கமாக மெல்லிய மடிப்பு ஒன்று பிடித்துத் தைத்தாலே கூடுதல் நீளம் போய்விடும். அரை அங்குலத்துக்கு உட்பட்ட உப்பல் என்றால் அதுகூடத் தேவையில்லை. ஈரத் துணி போட்டு அயனை அழுத்துங்கள், மிச்சத்தை மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் தையல் விழுங்கிவிடும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஓரப்பட்டிக்கு ஒரு மெரூன் கரையை எடுத்து வைத்திருப்பது தெரிகிறது. அது எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஒரு வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்துச் சோப்புப் போட்டு, அந்தக் கரைமேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளை சிவந்தால் தனியாக நாலைந்து தரம் அலசிவிட்டு மறுபடி பாருங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், கடையில் வாங்கிய சேலைக்கு அது வேலை செய்யாது. அதற்குப் பிறகும் சாயம் இறங்கினால் அந்தக் கரையை எடுத்து வைத்துவிட்டு வேறு சேலையில் பட்டி வெட்டுங்கள்.